பூவில் அடித்த மருந்து

வாளியை கேட் தூணில் தொங்கவிட்டதும் நான்தான், கழற்றிக்கொண்டு போனதும் நான்தான். வேறு யார் தலையிலாவது இதைக் கட்டிவிட முடியுமா என்று பல கோணங்களில் யோசித்துப் பார்த்துவிட்டேன். காற்று, குரங்கு, வாளித் திருடன் என்று ஆள் தேடினேன். அன்று மதியம் தோப்பில் என்னைத் தவிர ஈ காக்கை இல்லை.

வாளி விஷயம் என்னவென்றால், எங்கள் மாந்தோப்பில் பெரும்பகுதி அண்ணனுக்கும் எனக்கும். வேலியோரமாக ஒரு துண்டு அக்காவுக்கு. அந்தத் துண்டைப் பிரித்த அன்று, "தேன்பெட்டி வைக்கிறவளுக்கு எதுக்கு மரம்?" என்று அண்ணன் கேட்டார். "மரம் வைக்கிறவனுக்கு எதுக்கு நாக்கு?" என்று அக்கா கேட்டாள். இரண்டு கேள்விக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவும் இல்லை.

அக்கா புருஷனை விட்டு வந்தவள். வரும்போது அவள் கொண்டுவந்த சீர் இரண்டு தேனீப் பெட்டிகள். அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கி, தன் துண்டு முழுக்க வரிசையாக வைத்துவிட்டாள். அவளுக்குச் சோறு போடுவது அந்தப் பெட்டிகள்தான்.

மாவுக்குப் பூச்சி வந்தால் மருந்து அடிக்க வேண்டும். மருந்து அடித்தால் தேனீ சாகும். அடிக்கப்போகும் தகவலை அண்ணன் அக்காவிடம் சொல்ல மாட்டார். எனவே நான் ஓர் ஏற்பாடு கண்டுபிடித்தேன். மருந்தடிக்கும் நாளுக்கு முந்தின நாள் கேட் தூணில் சிவப்பு வாளி தொங்கும். மாலையில் கடைத்தெருவிலிருந்து திரும்பும் அக்கா அதைப் பார்ப்பாள். தேனீக்கள் எல்லாம் கூடு அடைந்ததும் பெட்டி வாசல்களை வலைத்துணியால் மூடி, மேலே ஈரச்சாக்கு போட்டுவிடுவாள். மருந்து காய்ந்த பிறகு திறப்பாள். யாரும் யாரோடும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. சண்டைபோட்ட இரண்டு பேரை ஒரு பிளாஸ்டிக் வாளியால் சமாளிக்கிறவன் சாதாரண ஆளா?

ஊரில் என்னை டாக்டர் என்பார்கள். பூச்சிக் கட்டுப்பாடு பற்றி நடந்த ஒரு பயிற்சிக்குப் போய், கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு வாசல் அறையில் மாட்டியதிலிருந்து இந்தப் பட்டம். பயிற்சியில் அவர்கள் தெளிவாகத்தான் சொன்னார்கள். தத்துப்பூச்சி பூங்கொத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், பூ கருகிக் கொட்டும். ஆகவே மொட்டு நீளும்போதே ஒரு தடவை அடித்துவிடு, பிஞ்சு பிடித்ததும் தேவைப்பட்டால் இன்னொரு தடவை அடி, நடுவில் பூ விரிந்து நிற்கும்போது மட்டும் மரத்தின் பக்கமே மருந்தோடு போகாதே. நான் கேட்டேன், தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு இணை இல்லை.

மொட்டு நீண்ட சமயத்தில் எனக்கு இடுப்புப் பிடிப்பு. இடுப்பு சரியானபோது மைத்துனன் வீட்டில் கல்யாணம். கல்யாணம் முடிந்தபோது சோம்பல், அதற்கு எந்தக் கடையிலும் மருந்து விற்பதில்லை. இதற்குள் வானம் மூடிக்கொண்டு நாள் கணக்கில் மந்தாரமாக நின்றது. தத்துப்பூச்சிக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. ஒரு பூங்கொத்தைத் தட்டினால் வறுத்த எள் பொரிவதுபோல முகத்தில் தெறித்தன. இலையெல்லாம் பிசுபிசுவென்று, தொட்டால் விரல் ஒட்டியது. அந்தப் பிசுக்கின்மேல் கரும்பூசணம் படர ஆரம்பித்திருந்தது.

அண்ணன் ஓர் இலையைத் தடவி, விரலை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"டாக்டரு, நோயாளி செத்த பிறகுதான் ஊசி போடுவீங்களோ?"

"பூ விரிஞ்சிருச்சேண்ணே. இப்ப அடிக்கக் கூடாதுன்னு..."

"யாரு சொன்னா?"

"பயிற்சியில."

"பயிற்சியில சொன்னவன் வந்து காய் பறிப்பானா? நாளைக்குக் காலையில அடிச்சிடு. மிஷின்காரர்கிட்டச் சொல்லிட்டேன்."

"சாயங்காலம் அடிச்சா தேனீ கூட்டுக்குப் போயிருக்கும், ஈயும் பூவில இருக்காதுண்ணே..."

"மிஷின் காலையிலதான் கிடைக்கும்."

தலையாட்டினேன். மதியமே போய் வாளியைத் தூணில் தொங்கவிட்டேன். வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மிஷின்காரர் போனில் கூப்பிட்டு, மருந்து இலையில் ஒட்டி நிற்பதற்காகக் கலக்கிற ஒட்டுத்திரவத்தை முன்கூட்டியே கரைத்து வைத்தால் தனக்கு நேரம் மிச்சமாகும் என்றார். கரைக்க வாளி வேண்டும். தோப்பில் இருந்த ஒரே வாளி தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா இந்நேரம் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட மிகை. அப்படி நினைத்தால் வேலை சுலபம் என்பதால் நினைத்துக்கொண்டேன். வாளியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கரைத்தேன். பொழுது சாய்ந்து அக்கா திரும்பி வந்தபோது தூண் காலியாக, சுத்தமாக நின்றிருக்கிறது.

காலையில் வெயில் ஏறியதும் மிஷின் ஓடியது. அண்ணன் வரப்பில் நின்று கைகாட்ட, மிஷின்காரர் குழாயை இழுத்துக்கொண்டு மரம் மரமாக முன்னேறினார். மருந்து புகைபோல உச்சிவரை எழும்பியது. என் வேலை தொட்டியில் கலக்குவது. சாமான்யமான சத்தம் இல்லை, பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. டீசல் தீர்ந்து மிஷின் நின்றபோதுதான் எனக்கு வித்தியாசமாகப் பட்டது. பூத்த மாந்தோப்பு ஒருபோதும் அமைதியாக இருக்காது, எப்போதும் காதுக்குள் ஒரு ரீங்காரம் இருக்கும். அன்று இலையிலிருந்து மருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அக்காவின் துண்டுக்கு ஓடினேன். பெட்டி வாசல்கள் திறந்திருந்தன. முன்னாலுள்ள மண்ணில் தேனீக்கள் மல்லாந்து கிடந்து தட்டாமாலை சுற்றின. இன்னும் பல தோப்பிலிருந்து வந்து இறங்கி, வாசலுக்குள் நுழைய வழி தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. அக்கா துடைப்பத்தோடு நின்றிருந்தாள். செத்ததைச் சாகப்போவதிலிருந்து பிரித்துப் பிரித்து ஒரு முறத்தில் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"வாளி?" என்றாள்.

"தொங்கவிட்டேன்க்கா."

"நான் வரும்போது இல்ல."

"அது... கரைக்க எடுத்தேன்."

அவள் மறுபடி குனிந்தாள். கூட்டினாள். எனக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. மௌனத்தைத் தாங்க முடியாதபோது என் வாய் தன்பாட்டுக்குத் திறந்துகொள்ளும்.

"மருந்து கலப்படம் இல்லாத மருந்துதான் போலிருக்கு" என்றேன்.

சொன்ன மறுநொடி நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா முறத்தை என் கையில் கொடுத்தாள். "அந்தக் குழியில கொட்டிட்டு வா" என்றாள். கையில் எடையே இல்லை. கொட்டிவிட்டு வந்தேன்.

பாதிப் பெட்டிகள் போயின. மிச்சத்தில் சிலவற்றில் ராணி ஈ இருந்தும் வேலை செய்ய ஆள் இல்லை. பலவீனமான பெட்டிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து, கொஞ்சம் தேறியதும் சூரியகாந்தி போட்டிருக்கிற பக்கம் எடுத்துப் போகப்போவதாக அக்கா சொன்னாள். அங்கே யாரோ இடம் கொடுக்கிறார்களாம், தங்கிக்கொள்ள அறையும் உண்டாம்.

"மா பூக்கிற சமயத்துக்கு வந்திடுவேல்ல?" என்று கேட்டேன்.

"பார்க்கலாம்" என்றாள்.

அப்போதிலிருந்து எனக்குத் தூக்கத்திலும் விழிப்பிலும் அந்த ஒரே கேள்விதான். அக்கா திரும்பி வருவாளா, இல்லை போகிற போக்கிலேயே போய்விடுவாளா? அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவேண்டுமானால் முதலில், நடந்தது எவ்வளவு தூரம் என் கைவேலை என்று தெரியவேண்டும் என எனக்குத் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால், குற்றவாளிக்குத் தண்டனையைவிடத் தீர்ப்பின் வாசகத்தில்தான் ஆர்வம் அதிகம்.

பூ பதினைந்து இருபது நாளில் காய்ந்து கொட்டியது. தத்துப்பூச்சி செத்துவிட்டது, அதைக் குறை சொல்ல முடியாது. பூங்கொத்துகள் கழுவித் துடைத்ததுபோல நின்றன. பிஞ்சு மட்டும் பிடிக்கவில்லை. மாம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் தேனீக்கு நிகராக, சொல்லப்போனால் அதைவிட அதிகமாக, சாதாரண ஈக்களும் வேலை செய்கின்றன. அவையும் அன்று காலை வேலைக்கு வந்திருந்தன.

முதலில் அண்ணனைக் கேட்டேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"பிஞ்சு பிடிக்காதது என்னாலதானாண்ணே?"

"மா ஒரு வருஷம் காய்க்கும், ஒரு வருஷம் ஓய்வெடுக்கும்."

"போன வருஷம்தானே ஓய்வெடுத்துச்சு?"

"அசதி போகலையோ என்னவோ."

"மருந்தடிச்சதுனால இல்லையா?"

"டேய், மருந்து அடிக்கலைன்னா பூவே நின்னிருக்காது. போய் வேலையைப் பாரு."

அடுத்து மருந்துக்கடை. நீளமான, இருட்டான கடை. உள்ளே போனால் தும்மல் வராமல் வெளியே வர முடியாது. கடைக்காரர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, அது தன் சொந்தக் காற்று என்பதுபோல் பார்த்தார்.

"வாங்க டாக்டர் சார்."

"போன தடவை வாங்கிட்டுப் போன மருந்து. அதைப் பூ விரிஞ்ச பிறகு அடிச்சா தேனீ சாகுமா?"

"யாரு சொன்னா?"

"செத்துப் போச்சு. அதுதான் கேட்கிறேன்."

"பனியில செத்திருக்கும்."

"பனி எல்லா வருஷமும்தான் பெய்யுது."

"இந்த வருஷப் பனி வேற மாதிரி சார்."

"இல்ல, நேரடியாச் சொல்லுங்க. அடிக்கலாமா, அடிக்கக் கூடாதா?"

"லேபிள்ல எல்லாம் போட்டிருக்கு சார்."

"என்ன போட்டிருக்கு?"

"எல்லாம்."

பாட்டிலைக் கையில் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனேன். எறும்பு வரிசை மாதிரி எழுத்து. ஒரு மூலையில் தேனீ படம் போட்டு, குறுக்கே கோடு இழுத்திருந்தது. அதன்மேல் கடைக்காரர் விலைச்சீட்டை ஒட்டியிருந்தார். நான் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே அவர், "பழ ஈக்கு நல்ல பொறி வந்திருக்கு சார், எடுத்து வைக்கட்டுமா?" என்றார். எடுத்து வைக்கச் சொன்னேன். தலையாட்டத் தெரிந்தவனுக்குக் கடைத்தெரு முழுக்க நண்பர்கள்.

வீட்டுக்காரியைக் கேட்டேன்.

"எல்லாம் என்னாலதானா?"

"சாப்பாடு ஆறுது" என்றாள்.

"இல்ல, நீ என்ன நினைக்கிற?"

"நான் நினைச்சா பூ காய்ச்சிடுமா? உட்காருங்க."

தீர்ப்பு கிடைக்காததால் நானே தண்டனையை ஆரம்பித்துக்கொண்டேன். தோப்பின் தென்பக்கத்து மரங்களில் தாமதமாக இரண்டாம் பூ எடுத்திருந்தது. அதற்காவது மகரந்தம் சேர்க்க ஆள் வேண்டுமே. மீன் கழிவை மரத்தில் கட்டினால் நாற்றத்துக்கு ஈ வரும், வந்த ஈ பூவிலும் உட்காரும் என்று பயிற்சியில் கேட்ட ஞாபகம். மீன்கடையில் தலை, குடல், செதில் என்று சாக்கில் வாரிவந்து, துணிப்பையில் போட்டு மரத்துக்கு மரம் கட்டினேன். உலகத்தில் பிழைப்பில்லாதவன் ஈ ஓட்டுவான். நான் ஈயைத் தாம்பூலம் வைத்து அழைத்துக்கொண்டிருந்தேன்.

ஈ வந்தது. கூடவே நாய் வந்தது, காக்கை வந்தது, பக்கத்துத் தோப்புக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். அண்ணன் வேலிக்கு வெளியே நின்றபடியே கத்தினார்.

"என்னடா இது, தோப்பா, பிணவறையா?"

"மகரந்தச் சேர்க்கைண்ணே."

"உனக்கும் மரத்துக்கும் கல்யாணமா?"

வீட்டுக்காரி என்னைக் கிணற்றடியில் நிறுத்தி, சட்டையைக் கழற்றி வாசலுக்கு வெளியே போட்ட பிறகுதான் உள்ளே விட்டாள். சோப்பு தேய்த்துத் தேய்த்துக் கரைந்தது, நாற்றம் கரையவில்லை. ஆனாலும் தென்பக்கத்து மரங்களில் கடுகளவு, மிளகளவு, பிறகு கோலியளவு என்று பிஞ்சு திரண்டது. அதைப் பார்த்து ஒரு சாயங்காலம் தனியாக நின்று அழுதேன். பக்கத்துத் தோப்புக்காரர் அது நாற்றத்தால் வந்த கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு, "இப்பவாவது அவிழ்த்துப் போடுங்களேன்" என்றார்.

காய் முற்ற ஆரம்பித்ததும் அடுத்த கொள்ளைக்காரன். பழ ஈ பார்க்கச் சாதுவாக, வீட்டு ஈயைவிட அழகாக, பொன்னிறத்தில் இருக்கும். பெண் ஈ முற்றிய காயின் தோலில் ஊசிமுனை அளவுக்குக் குத்தி உள்ளே முட்டையிடும். வெளியே ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். காய் பழுத்து, வாங்கிய மனிதர் வீட்டில் கத்தி வைக்கும்போது உள்ளே புழு நெளியும். அந்த நேரத்தில் மருந்தடித்துப் பிரயோஜனம் இல்லை, புழு உள்ளே பாதுகாப்பாக இருக்கும், மருந்து தின்கிறவன் வயிற்றுக்குத்தான் போகும். செய்யவேண்டியது இரண்டுதான். ஆண் ஈயை இழுக்கும் வாசனைத் திரவத்தில் மரக்கட்டைத் துண்டை ஊறவைத்து, டப்பாவுக்குள் தொங்கவிட்டு, மரத்துக்கு இடையிடையே மாட்ட வேண்டும். ஆண் ஈ உள்ளே வந்து சாகும், ஜோடி கிடைக்காத பெண்ணின் முட்டை பொரியாது. இன்னொன்று, விழுந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கி, கெட்டியான பிளாஸ்டிக் சாக்கில் இறுக்கிக் கட்டி வெயிலில் போட வேண்டும். விட்டால் புழு மண்ணுக்குள் இறங்கி, கூட்டுப்புழுவாகி, அடுத்த படையோடு எழுந்து வரும்.

ஆக, ஓர் ஈயை வா என்று மீன் கட்டினேன், இன்னொரு ஈயைச் சா என்று டப்பா கட்டினேன். என்னைப் பற்றி ஈக்களுக்குள்ளேயே குழப்பம் வந்திருக்கும்.

டப்பாக்களை, மருந்து படாமல் காய்த்திருந்த அக்காவின் மரங்களிலும் கட்டினேன். அவள் துண்டில் விழுந்த பழத்தையும் பொறுக்கினேன். தினமும் காலையில் சாக்கோடு போய், குனிந்து நிமிர்ந்து, அவள் வாசலில் ஒரு தடவை இருமுவேன்.

அவள் வீடு என்பது ஒரு நீள அறை. பாதியில் கட்டிலும் அடுப்பும். மறுபாதியில் காலிப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரைவரை. செத்த பெட்டிகளின் தேனடைகளை அறுத்தெடுத்து, பெரிய பாத்திரத்தில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாள். மெழுகு, புகை, பழைய தேன் எல்லாம் சேர்ந்த வாசனை. அடை கட்டியிருந்த மரச்சட்டங்களை உளியால் சுரண்டிச் சுரண்டி அவள் விரல் நுனிகள் பழுப்பேறியிருந்தன.

"பழம் பொறுக்கிட்டேன்க்கா."

"சரி."

"ரெண்டு மரத்துல தண்டுத்துளைப்பான் இருக்கு. துவாரத்துல மரத்தூள் தள்ளியிருக்கு. கம்பியை விட்டுப் புழுவை இழுத்துட்டேன், களிமண் வச்சு அடைச்சிருக்கேன்."

"சரிடா. டீ குடிக்கிறியா?"

"குடிக்கிறேன்." குடித்தேன். "அண்ணனுக்கும் ரொம்ப வருத்தம்க்கா. உள்ளுக்குள்ள உருகுறார். வெளிய காட்டிக்கத் தெரியல."

அக்கா பாத்திரத்தைக் கிளறினாள். "அப்படியா?" என்றாள்.

"அடுத்த பூவுக்கு வந்திடுவேல்ல?"

"பார்க்கலாம்டா."

இந்தப் பார்க்கலாமை நான் வீட்டுக்கு எடுத்துவந்து, தூக்கம் வரும்வரை திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். காலையில் சொன்ன பார்க்கலாமில் கொஞ்சம் இரக்கம் இருந்ததுபோலவும் முந்தின நாள் பார்க்கலாமில் அது இல்லை போலவும் தோன்றும்.

அண்ணன் உருகியதாகச் சொன்னது என் சொந்தத் தயாரிப்பு. அதை உண்மையாக்கிவிடலாம் என்று ஒரு நாள் அவரிடம் போனேன். காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பறிப்பு என்றால் தென்பக்கத்து மரங்கள் மட்டும்தான், மற்ற மரங்களின் கீழ் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன.

"அக்கா கிளம்புறா. ஒரு வார்த்தை சொல்லலாமேண்ணே."

"என்ன வார்த்தை?"

"வருத்தமா இருக்குன்னு."

"எனக்கு எதுக்கு வருத்தம்? வாளியைப் பார்க்காதது அவ தப்பு."

"வாளி தொங்கலையேண்ணே."

"அப்ப உன் தப்பு. நீ போய்ச் சொல்லு."

இது கிட்டத்தட்ட நேரான பதில்தான். ஆனால் அவர் உடனே, "தப்புன்னும் சொல்ல முடியாது, நேரம் சரியில்ல" என்று சேர்த்து அதையும் கோணலாக்கிவிட்டார். பிறகு கூடையைப் பார்த்துக்கொண்டே, "அவ போனா அந்தத் துண்டுல நாமளே மருந்தடிச்சுப் பார்த்துக்கலாம். வேலியை எடுத்திடலாம்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு நிறைய வசனங்கள் எழுதிப் பார்த்திருக்கிறேன். எல்லாமே பிரமாதமாக வந்தன. அந்த நேரத்தில் நான் செய்தது, தலையாட்டியது.

அக்கா கிளம்பிய அன்று பொழுது சாய்கிற நேரத்தில் வண்டி வந்தது. வெளியே போன தேனீக்கள் எல்லாம் திரும்பிய பிறகுதான் பெட்டியை அடைக்க முடியும், அதனால் அந்த நேரம். வண்டிக்காரர் தேனீ என்றதும் வண்டியை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டு, "நீங்களே ஏத்திடுங்க, நான் இங்கிருந்து பார்க்கிறேன்" என்று தாராளமாகச் சொன்னார். நானும் அக்காவும்தான் ஏற்றினோம். அவள் வாசல்களை வலைத்துணியால் மூடி ஆணி அடிக்க, நான் தூக்கி வைத்தேன். உள்ளே மெல்லிய முனகல் கேட்டது. முன்பு இந்தப் பெட்டிகளைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், இப்போது நான் ஒருவனே தூக்கினேன்.

அண்ணன் தன் வீட்டு மாடியில் நின்றிருந்தார். எங்களைப் பார்க்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் துணி மடித்து நான் பார்த்ததே இல்லை.

கடைசிப் பெட்டியை ஏற்றியதும் நான் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தேன், வண்டிக்கு மறுபுறம் அவள் மறுநுனியைப் பிடித்தாள். நடுவில் பெட்டிகள் இருந்ததால் அவள் முகம் தெரியவில்லை. முகம் தெரியாதபோது எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

"அக்கா, இனிமே பூவில மருந்தே கிடையாது. மொட்டுலயே வேப்பெண்ணெய் அடிச்சிடறேன். உள்பக்கக் கிளையெல்லாம் வெட்டிக் கவாத்து பண்ணி வெயில் இறங்குற மாதிரி விட்டுடறேன், தத்துப்பூச்சி பாதி குறைஞ்சிடும். அப்படியே அடிக்க வேண்டி வந்தாலும் சாயங்காலம்தான். வாளி கீளி எல்லாம் வேண்டாம், நானே உனக்குப் போன் பண்ணிடறேன்."

"என் நம்பர் அன்னைக்கும் உன்கிட்ட இருந்துச்சு" என்றாள் மறுபுறத்திலிருந்து.

கயிறு என் கையில் தளர்ந்தது.

"மறந்துட்டேன்க்கா..."

"மறக்கல. அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயந்த. அவனை மீறி எனக்குப் போன் போட உனக்கு வாய் வரல."

மறுக்க வாயைத் திறந்தேன். வழக்கமாக அந்த இடத்தில் ஏதாவது வேடிக்கை வந்து விழும். ஒன்றும் வரவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். பார்க்கலாம்னு சொல்லாம சொல்லு. வருவியா, மாட்டியா?"

அவள் வண்டியைச் சுற்றி என் பக்கம் வந்தாள். தேனீ கொட்டாமலிருக்க முகத்தில் போட்டிருந்த வலையைத் தூக்கி நெற்றிமேல் போட்டுக்கொண்டாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எதையாவது சொல்லி நான் கரைத்திருப்பேன்.

"வரமாட்டேன்டா. அண்ணனுக்காக இல்ல. அவன் எனக்கு ஆகாதவன், எங்க நிக்கிறான்னு எனக்குத் தெரியும், அதுக்குத் தகுந்த மாதிரி பெட்டியைத் தள்ளி வச்சுக்குவேன். நீதான் எங்க நிக்கிறேன்னு தெரியல. அவன்கிட்ட அவன் ஆளு, என்கிட்ட என் ஆளு. அவன் உருகுறான்னு நீ சொன்னது பொய்னு எனக்குத் தெரியாதா? பாசமா இருக்க, இல்லைங்கல. விழுந்த பழம்கூடப் பொறுக்குற. ஆனா உன்னை நம்பி இன்னொரு தடவை என்னால வாசலைத் திறந்து வச்சுட்டுத் தூங்க முடியாது."

மாடியில் துணி மடிப்பது நின்றிருந்தது. பெட்டிகளுக்குள் முனகல் மட்டும் கேட்டது. வண்டிக்காரர் தூரத்திலிருந்து, "கிளம்பலாமாம்மா?" என்றார்.

"இரு, கயிறு தளர்ந்திருக்கு" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அக்கா என் பக்கம் திரும்பினாள். "அந்த முனையை நல்லா இழுத்துக் கட்டு. வழியில ஆடக் கூடாது."

இழுத்துக் கட்டினேன்.